இரண்டு மூன்று ஆறு குத்து

236பி. முதன்முறை கேட்பவருக்குச் சென்னைப் பேருந்தின் தட எண் என்றே தோன்றும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற வீடியோ சண்டை ஆட்டத்தில் ரியூ என்ற கராத்தேக்காரன் உள்ளங்கைகளைச் சேர்த்து ஒளிக்குண்டு ஒன்றைப் பாயவிடுவானே, ஹடோகென், அதற்கான வழி இது. கணினி விசைப்பலகையின் வலது ஓரத்து எண்களை மனதில் கொண்டுவந்தால் போதும். நடுவில் இருக்கும் 5, ஜாய்ஸ்டிக் சும்மா நிற்கும் இடம். 8 மேலே, 2 கீழே, 6 முன்னே, 4 பின்னே. மூலைகள் நான்கும் சாய்வுத் திசைகள்: 9 முன்மேல், 3 முன்கீழ், 7 பின்மேல், 1 பின்கீழ். ஆக 236 என்றால் குச்சியைக் கீழே இறக்கி, முன்கீழ் மூலை வழியாக உருட்டி, முன்னே கொண்டுபோய் நிறுத்துவது. கடைசியில் வரும் பி, ஏதாவது ஒரு பஞ்ச் பட்டன். கே வந்தால் கிக்.

கைபேசியில் எண் அழுத்தும் பலகையை நினைத்துவிடக் கூடாது. அதில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும், ஏடிஎம்மிலும் அப்படியே. கணினியிலும் கால்குலேட்டரிலும்தான் 7, 8, 9 மேலே. மடிக்கணினியும் கைபேசியுமாக வளர்ந்தவர்களுக்குத் தனி எண் பலகையே அவ்வளவாகப் பழக்கமில்லை. 236 என்று படித்ததும் அவர்கள் குச்சியை மேலே தள்ளினால் அதில் வியப்பில்லை. கைபேசியில் கால்குலேட்டர் செயலியைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

*

இந்த எண்முறை ஜப்பானிய ஆட்டக்காரர்களிடமிருந்து பரவியது. ஆர்கேட் இயந்திரங்களில் ஒட்டியிருந்த விளக்க அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் அம்புக்குறிகள்தான் இருந்தன. அச்சுக்கு அம்பு அழகு, தட்டச்சுக்குத் தொல்லை. எண் எந்த விசைப்பலகையிலும் உண்டு. மொழியும் வேண்டாம். ஒசாகாவில் எழுதியதை மெக்சிகோவில் அப்படியே படிக்கலாம். ஆங்கிலக்காரர்கள் வெகுகாலம் கால்வட்டம், அரைவட்டம் என்ற சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுவும் இன்னும் சாகவில்லை.

*

இடது, வலது என்ற சொற்கள் இங்கே கிடையாது. இதை முதலிலேயே மண்டையில் ஏற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 6 என்றால் எதிராளி இருக்கும் பக்கம், 4 என்றால் அவனுக்கு எதிர்ப்பக்கம். எழுதும்போது மட்டும், நம் ஆள் திரையின் இடப்புறத்தில் நின்று வலப்பக்கம் பார்ப்பதாக ஓர் ஏற்பாடு. எதிராளி நம் தலைக்கு மேலே தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் கை செய்யவேண்டியது கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறிவிடும். தாளில் எழுதிய எண் மாறாது.

ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் செய்த காப்காம் கம்பெனியின் வகை ஆட்டங்களில் 4 என்பது பின்வாங்கும் நடை. அதுவேதான் தடுப்பும். பின்னே இழுத்தபடி நின்றால் வரும் அடி கையில் படும், உடம்பில் படாது. குனிந்து தடுக்க 1. அதனால்தான் எதிராளி தலைக்கு மேலே தாண்டும்போது அடிப்பது இவ்வளவு கொடிய வித்தை. அவன் எந்தப் பக்கம் இறங்குவான் என்பது தெரியாதவரை எது 4, எது 6 என்றே நமக்குத் தெரியாது.

*

ஷோரியுகென்: 623பி. முன்னே, கீழே, முன்கீழ், குத்து. மேலே எழும்பிக் குத்தும் இந்த அடிக்கு வைத்த பெயர், பிறகு அந்தக் கையசைவுக்கே பெயராகிவிட்டது. வேறு கம்பெனியின் ஆட்டத்தில், வேறு ஆள், வாளால் வெட்டினாலும் கட்டளை 623 என்றால், ஷோரியுகெனின் ஆங்கிலப் பெயரில், அது 'டிராகன் பஞ்ச் மோஷன்'. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சாகத் போடும் 'டைகர் நீ' (நீ: முழங்கால்) அடிக்கும் இதே கதி. 236இல் தொடங்கி 9 வரை போகும் அசைவு அது. இன்று, தரையை விட்டு எழும்பிய மறுகணமே வான் அடி ஒன்றை வெளியிடுவதற்கு எந்த ஆட்டத்திலும் 'டைகர் நீ செய்' என்கிறார்கள், அங்கே முழங்காலே சம்பந்தப்படாவிட்டாலும்.

இந்தியாவிலிருந்து வருவதாகக் காட்டப்படும் தல்சிம், கைகால்களை ரப்பராக நீட்டும் யோகி, அவருக்கும் யோகா ஃபயர் 236பிதான். பழைய ஆட்டங்களில் அவர் மறைந்து வேறிடத்தில் தோன்ற 623 அல்லது 421, கூடவே மூன்று பஞ்சையோ மூன்று கிக்கையோ சேர்த்து அழுத்தவேண்டும். 421 என்பது 623இன் மறுபக்கம்.

*

இனி பட்டன்கள். 1987இல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை இயக்கியவர் தகாஷி நிஷியாமா. அதன் ஒரு வகை இயந்திரத்தில் பட்டன்களுக்குப் பதில் இரண்டு பெரிய ரப்பர் திண்டுகள் இருந்தன, குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று. ஓங்கி அறைந்தால் பலமான அடி, லேசாகத் தட்டினால் லேசான அடி. கையும் வலித்தது, இயந்திரமும் தாங்கவில்லை. இன்னொரு வகையில் அந்த விசையை மூன்று படிகளாகப் பிரித்து ஆறு பட்டன்கள் வைத்தார்கள்: குத்தில் மூன்று, உதையில் மூன்று. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இந்த ஆறையும் எடுத்துக்கொண்டது. எல்பி, எம்பி, எச்பி, எல்கே, எம்கே, எச்கே என்று இன்று எழுதும்போது லேசு, நடுத்தரம், பலம் என்ற அந்த மூன்று படிகளையே எழுதுகிறோம். உடைந்துபோன திண்டின் நினைவு அது. நிஷியாமா பின்னர் எஸ்என்கே கம்பெனிக்குப் போய் ஃபேடல் ஃப்யூரி செய்தார். எஸ்என்கே ஆட்டங்களில் பட்டன்களுக்கு ஏ, பி, சி, டி என்று வெறும் எழுத்துகள்.

அமெரிக்க ஆர்கேடுகளில் ஆறு பட்டன்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு: ஜாப், ஸ்ட்ராங், ஃபியர்ஸ், ஷார்ட், ஃபார்வர்ட், ரவுண்ட்ஹவுஸ். இதில் ஒரு வினை. 'ஃபார்வர்ட்' என்பது நடுத்தர உதையின் பெயர், முன்பக்கத் திசைக்கும் அதே சொல்தான். 'க்ரவுச் ஃபார்வர்ட்' என்று ஒருவர் சொன்னால் குனிந்து முன்னேறு என்று புதியவர் எடுத்துக்கொள்வார். சொல்பவர் கேட்பது 2எம்கே.

ஆட்களின் பெயரிலும் இப்படி ஒரு கூத்து நடந்தது. ஜப்பானில் எம். பைசன் என்றிருந்த குத்துச்சண்டைக்காரனுக்கு அமெரிக்காவில் பல்ராக் என்ற பெயர் போனது, நகக்காரனின் பல்ராக் வேகாவானது, சர்வாதிகாரியின் வேகா எம். பைசனானது. உலகப் போட்டிகளில் பெயர் சொன்னால் சண்டை வரும் என்று 'பாக்ஸர்', 'க்ளா', 'டிக்டேட்டர்' என்றே பேசிக்கொள்கிறார்கள்.

*

டெக்கன் என்ற ஆட்டத்தில் கதை வேறு. அங்கே பலம், மென்மை என்ற பேச்சே இல்லை. நான்கு பட்டன், நான்கு அவயவம்: 1 இடக்கை, 2 வலக்கை, 3 இடக்கால், 4 வலக்கால். 1+2 என்றால் இரண்டு கையும். எனக்கு இது பிடித்திருக்கிறது. காப்காம் முறையில் பட்டனைப் பார்த்தால் எவ்வளவு வலிக்கும் என்று தெரியும், எந்தக் கை வரும் என்று தெரியாது. டெக்கனில் உடம்பு தெரியும். எடி என்ற ஆளை எடுத்துக்கொண்டு 3, 4 இரண்டையும் கண்மண் தெரியாமல் தட்டி நண்பர்களை அழவைத்தவர்கள் டெக்கன் 3 காலத்தில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். குறியீடு தெரியாமலே அவர்கள் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எண்கள் இங்கே மோதிக்கொள்கின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் 2 என்றால் கீழே, டெக்கனில் வலக்கைக் குத்து. எனவே ஆங்கில டெக்கன்காரர்கள் திசைக்கு எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள்: சிறிய எழுத்தில் எஃப் என்றால் முன்னே ஒரு தட்டு, பெரிய எழுத்தில் போட்டால் முன்னே பிடித்துக்கொண்டிருப்பது. ஜப்பானியர்கள் திசையை எண்ணாகவே விட்டுவிட்டுப் பட்டனுக்கு ஆர்பி, எல்கே என்று எழுத்துப் போட்டார்கள். ஒரே அடி, இரண்டு எழுத்துமுறை. ஒரு தாளை எடுத்தவுடன் முதலில் பார்க்கவேண்டியது இது எந்த ஆட்டத்தின் தாள் என்பதையே. அது தெரியாமல் எண்ணைப் படிப்பது வீண் வேலை.

மிஷிமா குடும்பத்தாரின் 'காற்றுக் கடவுள் முட்டி'யை ஜப்பானியர் 6என்23ஆர்பி என்று எழுதுவார்கள். நடுவில் வரும் என், நியூட்ரல்: குச்சி 5க்குத் திரும்பவேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் 623ஐ எழுதும்போது யாரும் இடையில் 5 போடுவதில்லை, இயந்திரமும் கேட்பதில்லை. டெக்கன் கேட்கிறது. சும்மா விடுவதும் ஒரு செயல் என்று எழுதிக்காட்டவேண்டிய கட்டாயம் அங்கே வந்துவிட்டது. அதன் மின்னல் வடிவத்துக்கு இன்னும் ஒரு நிபந்தனை: குச்சி 3ஐத் தொடும் அதே ஃப்ரேமில் வலக்கைப் பட்டன் விழவேண்டும். ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. குறியீட்டில் இதற்குக் கிடைக்கும் இடம் ஒரு முக்காற்புள்ளி அளவுதான்.

லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ் 2019இல் ஈவோ ஜப்பான், ஈவோ என்ற இரண்டு போட்டிகளிலும் டெக்கன் 7 பட்டத்தை வென்றபோது, ஈவோ இறுதியில் தோற்றவர் கொரியாவின் 'நீ' என்ற ஆட்டக்காரர். அதுவரை பாகிஸ்தானை யாரும் வரைபடத்தில் குறித்துவைத்திருக்கவில்லை. ஏட்டில் எழுதிய கட்டளைகள் சியோலிலும் லாகூரிலும் ஒன்றுதான். எந்த நேரத்தில் எதைப் போடுவது என்பது உள்ளூரில் ஒருவரோடு ஒருவர் ஆடியாடி வருவது, அதற்கு ஏடு கிடையாது.

*

வர்ச்சுவா ஃபைட்டர் (1993): பஞ்ச், கிக், கார்ட். தடுப்புக்கென்றே ஒரு பட்டன். மார்ட்டல் காம்பட்டிலும் (1992) அப்படித்தான். அங்கே 4ஐ இழுத்தால் பின்னே நடக்க மட்டுமே செய்வார்கள். ஸ்கார்ப்பியன் ஈட்டி எறிய 44, பிறகு கீழ்க்குத்து. பின்பக்கம் தடுப்பாக இருந்திருந்தால் இந்தக் கட்டளை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கில்ட்டி கியரில் 6பி என்றொரு அடி உண்டு. முன்னே தள்ளி ஒரு பஞ்ச், அவ்வளவுதான். ஆனால் அடிக்கும்போது ஆளின் மேலுடம்பில் எதுவும் படாது, மேலிருந்து குதித்து வருபவர்களை வீழ்த்த அதைவிட்டால் ஆளில்லை. அந்த ஆட்டக்காரர்கள் 'சிக்ஸ் பி' என்று சொல்லும்போது எண்ணாகவோ திசையாகவோ அதை நினைப்பதில்லை. கருவியின் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

*

மேலே எழுதியதெல்லாம் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது. இயந்திரமும் படிக்கிறது, அதுதான் சுவாரசியமான பக்கம்.

ரியூ முன்னே நடக்கிறான்: 6. நடந்துகொண்டே ஹடோகென் போடுகிறோம்: 236பி. கை உண்மையில் எழுதியது 6236பி. இதன் முதல் மூன்று எண்களைப் படித்துப் பாருங்கள். 623. இயந்திரத்தின் கணக்கில் இரண்டு கட்டளையும் நிறைவேறியிருக்கிறது, எதைக் கொடுப்பது? பெரும்பாலான ஆட்டங்களில் ஷோரியுகெனுக்கே முன்னுரிமை. அது ஆபத்து வேளையில் போடுவது, வராமல் போனால் ஆட்டக்காரருக்கு வரும் நட்டம் பெரிது என்பது அதற்கு ஒரு நியாயம். ரியூ காற்றில் எழும்பி, யாருமில்லாத இடத்தைக் குத்தி, நிதானமாக இறங்குகிறான். எதிராளி கீழே காத்திருக்கிறான். 'நான் ஃபயர்பால்தானே போட்டேன்' என்று ஆட்டக்காரர் சத்தியம் செய்வார். அவர் போட்டதும் உண்மை, இயந்திரம் படித்ததும் உண்மை.

இந்தக் கோளாறை விளக்க எண்முறையைவிட நல்ல கருவி இல்லை. 'கால்வட்டம்' என்றும் 'டிராகன் பஞ்ச்' என்றும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டும் வேறுவேறு அசைவு என்ற எண்ணமே நிலைக்கும். எண்ணாக எழுதியதும் ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வழி, நடையை விட்டுச் சற்று நிதானித்து, பழைய 6 இயந்திரத்தின் நினைவிலிருந்து போனபின் 236ஐத் தொடங்குவது. அந்த நினைவு சில ஃப்ரேம்களுக்கு மேல் நீள்வதில்லை.

இயந்திரம் தாராளமாகவும் படிக்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4இல் 323பி போட்டாலும் ஷோரியுகென் வரும். முன்னே போகவே வேண்டாம், குனிந்த நிலையை விடாமலே எழலாம். இதை வசதி என்றும் சொல்லலாம், தொல்லை என்றும் சொல்லலாம். குனிந்தபடி குச்சியைக் கொஞ்சம் அலைத்துவிட்டு ஜாப் தட்ட நினைத்தவர் திடீரென்று வானத்தில் இருப்பார்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ஸாங்கியெஃப் போடும் பிடியான ஸ்க்ரூ பைல்டிரைவருக்கு 360பி என்று எழுதுவார்கள். இங்கே 3, 6, 0 திசைகள் அல்ல, பாகைகள். ஒரு முழுச் சுற்று. எண்முறைக்குள் எண்முறைக்குச் சேராத ஓர் எண், யாரும் பொருட்படுத்துவதில்லை. புதியவர் கேட்கும் நியாயமான கேள்வி: முழுச் சுற்றுச் சுற்றினால் 8 வழியாகப் போகவேண்டுமே, 8 என்றால் குதித்துவிடுவானே? முழுச் சுற்று தேவையில்லை என்பது பாதி விடை, முக்கால் சுற்றுப் போனாலே பெரும்பாலான ஆட்டங்கள் ஏற்றுக்கொள்ளும். மீதி விடை, 8ஐத் தொட்டதும் கால் தரையை விட்டுவிடுவதில்லை என்பது. எழும்புவதற்கு முன் சில ஃப்ரேம்கள் ஆள் தரையில்தான் இருக்கிறான், அதற்குள் பட்டன் விழுந்தால் பிடி விழும். தேர்ந்தவர்கள் சுற்றலை வேறொன்றுக்குள் மறைத்துவிடுவார்கள். குதித்து இறங்கும்போதே சுற்றி முடித்திருப்பார்கள், அல்லது ஒரு ஜாப் போய்வரும் இடைவெளியில். சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் அவனுக்கு 720பி கொடுத்தார்கள். இரண்டு சுற்று. நின்ற இடத்தில் அதைச் செய்பவரைக் கண்டால் எழுந்து நிற்கலாம்.

*

சதுர அடைப்புக்குறி வந்தால் காத்திரு என்று பொருள். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கைல் போடும் சோனிக் பூம்: [4]6பி. பின்னே இழுத்துப் பிடித்து, ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பொறுத்து, பிறகு முன்னே தட்டிக் குத்து. அவனுடைய ஃப்ளாஷ் கிக்: [2]8கே. 1ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் பின்னேயும் கீழேயும் ஒன்றாகச் சேர்ந்துவிடும், இரண்டு ஆயுதமும் தயார், கூடவே குனிந்த தடுப்பும். கைல் ஆட்டக்காரர் மூலையில் குந்திக்கொண்டிருப்பது கோழைத்தனம் போலத் தோன்றும். அவர் அங்கே 1 எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஒரு கட்டளை வடிவத்தில் ஓர் ஆளின் குணமே இருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியவில்லை. ரியூ முன்னே நடந்தபடி வந்து எப்போது வேண்டுமானாலும் சுடலாம் (6236 என்ற ஆபத்தைத் தாண்டினால்). கைல் முன்னே நடந்தால் துப்பாக்கியில் குண்டு இல்லை. ஒவ்வோர் அடி முன்னேறுவதற்கும் அவன் ஆயுதத்தைக் கீழே வைக்கவேண்டும். இதை ஓவியர் வரையவில்லை, கதை எழுதியவரும் எழுதவில்லை. அடைப்புக்குறி செய்த வேலை.

அடைப்புக்குறியைத் திருப்பிப் போட்டால், ]பி[, கையை விடு. பிடித்திருந்த பட்டனை விடுவிப்பதும் ஓர் உள்ளீடு. பாக்ஸரின் டர்ன் பஞ்சுக்கு மூன்று பஞ்சையும் பிடித்துக்கொண்டே ஆடவேண்டும், எவ்வளவு நேரம் பிடித்தானோ அவ்வளவு பலம். மற்ற விரல்கள் அதுவரை உதைப் பட்டன்களை வைத்துப் பிழைத்துக்கொள்ளவேண்டும்.

*

ஜே.எச்கே, 2எம்கே எக்ஸ்எக்ஸ் 236எச்பி.

பழைய பாடம் இது. குதித்து வந்து பலமான உதை, இறங்கியதும் குனிந்த நடுத்தர உதை, அது பட்ட கணத்தில் ஹடோகென். ஜே என்றால் காற்றில். காற்புள்ளி என்றால் முதல் அடி முடிந்தபின் அடுத்தது. இரட்டை எக்ஸ் என்றால் முதல் அடி முடியவே கூடாது. காலை மடக்கிப் பழைய நிலைக்குத் திரும்பும் அசைவை வெட்டிவிட்டு ஹடோகென் தொடங்கவேண்டும். அதற்குக் 'கேன்சல்' என்று பெயர். கை 236ஐ உருட்ட வேண்டிய நேரம், உதை பறந்துகொண்டிருக்கும் நேரம்.

கேன்சல் திட்டமிட்டு வைத்ததில்லை. முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் இந்தச் சிறப்பு அடிகள் வருவதே அபூர்வம், அதனால் இரண்டாவதில் உள்ளீட்டுக்கான அவகாசத்தைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதன் பக்கவிளைவாக ஓர் அடி முடியுமுன் அடுத்தது புகுந்துகொண்டது. காரை உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது கூடுதல் அடிகள் விழுவதைத் தயாரிப்பாளர் நோரிதாகா ஃபுனமிசு கவனித்தார். நேரம் பிசகாமல் அடிப்பது கடினம், யாருக்கும் பெரிதாகப் பயன்படாது என்று நினைத்து அப்படியே விட்டார்கள். பிறகு வந்த சண்டை ஆட்டங்களில் பாதி அதன் மேலேதான் நிற்கின்றன.

*

குறியீட்டின் பெரிய குறை காலம். எது என்று சொல்கிறது, எப்போது என்று சொல்வதில்லை. காற்புள்ளி, > குறி, இரட்டை எக்ஸ், அலைக்கோடு எல்லாமே அந்த ஓட்டையை அடைக்கப் பிறகு வந்தவை. அடைபடவில்லை. அதனால்தான் பக்கத்தில் இன்னொரு அட்டவணை வேண்டியிருக்கிறது: அடி கிளம்ப எத்தனை ஃப்ரேம், படும் நிலையில் எத்தனை, திரும்ப எத்தனை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் ரியூவின் 5எல்பி நான்காவது ஃப்ரேமில் படும். அதே ஆட்டத்தின் பயிற்சி அறையில் நாம் போட்ட ஒவ்வொரு திசைக்கும் பக்கத்தில் அதை எத்தனை ஃப்ரேம் பிடித்திருந்தோம் என்ற எண்ணும் ஓடும். தாளில் எழுதமுடியாததை இயந்திரமே திரையோரத்தில் எழுதிக்காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை.

2004, கலிஃபோர்னியாவின் போமோனாவில் நடந்த ஈவோ. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். டைகோ உமேஹாராவின் கென்னுக்கு உயிர்க்கோடு மயிரிழை. தடுத்தாலும் தேய்ந்து சாவான். ஜஸ்டின் வாங்கின் சுன்-லி சூப்பர் அடியை அவிழ்த்துவிடுகிறாள்: 236236கே, பதினைந்து உதை. இந்த ஆட்டத்தில் அடி படும் கணத்தில் முன்னே ஒரு தட்டுத் தட்டினால் 'பேரி', உயிர் தேயாது. உமேஹாரா ஒவ்வோர் உதைக்கும் ஒரு தட்டு, கடைசி உதைக்குக் காற்றில் எழும்பி இன்னொரு தட்டு, பிறகு இறங்கி வந்து முடித்தார். சண்டை ஆட்ட வரலாற்றில் அதிகம் பார்க்கப்பட்ட காட்சிகளில் ஒன்று. அதைக் குறியீட்டில் எழுதினால்: 6, 6, 6, 6, 6... பிள்ளைகள் விசைப்பலகையில் விரலை வைத்துவிட்டதுபோல் இருக்கும். இடையில் ஒவ்வொரு முறையும் குச்சி 5க்குத் திரும்பியதை எழுதவே மாட்டோம்.

*

கீஸ் ஹோவர்டின் ரேஜிங் ஸ்டார்ம், ஃபேடல் ஃப்யூரி ஸ்பெஷலில் (1993): 1632143, பிறகு எஸ்என்கேயின் பி, சி பட்டன்கள் சேர்த்து. ஏழு எண். எந்த வட்டத்துக்கும் அடங்காமல் குச்சி ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்கம் தாவி, கீழே சுற்றிப் பின்னே போய், மறுபடி தாவுகிறது. ஆங்கிலத்தில் இதை ப்ரெட்செல் என்பார்கள். இதற்கு எந்த விளக்கமும் இல்லை, வில்லனின் அடி சுலபமாக வரக்கூடாது என்ற வீம்பைத் தவிர.

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் அகுமா போடும் ஷுன் கொகு சட்ஸு வேறு வகை வீம்பு: எல்பி, எல்பி, 6, எல்கே, எச்பி. உருட்டலே கிடையாது. திசைக்கான 6 இங்கே பட்டன்களோடு வரிசையில் நிற்கிறது. முதல் இரண்டு ஜாபும் வெளியே தெரியும், அதைக் கண்டு எச்சரிக்கையானவன் தப்பிவிடுவான், எனவே அந்த ஜாபுகளையே ஒரு சாதாரண தாக்குதலாகக் காட்டி மறைப்பார்கள்.

*

குச்சியில் 3 ஓர் இடம். பட்டன் மட்டுமே உள்ள லீவர்லெஸ் கருவியில் 3 என்று ஒன்று இல்லவே இல்லை, 2ம் 6ம் ஒன்றாக அழுந்தும் கணம் அது. எமுலேட்டரை நிறுவிக் கணினியின் அம்பு விசைகளில் ஆடியவர்களுக்கு இது முன்பே தெரியும். 236 என்பது கீழே அழுத்து, விடாமல் முன்னே அழுத்து, பிறகு கீழை மட்டும் விடு. ஒரே மூன்று எண், விரல்களுக்கு முற்றிலும் வேறு வேலை. இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன செய்வது என்ற கேள்வியும் இந்தக் கருவிகளால் வந்தது. குச்சி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாயாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போட்டிகளுக்குக் காப்காம் சொன்ன விடை: இரண்டும் சேர்ந்தால் 5.

*

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 (ஜூன் 2023) மாடர்ன் என்றொரு கட்டுப்பாட்டு முறையோடு வந்தது. சிறப்பு அடிக்கென்றே ஒரு பட்டன். 623 வேண்டாம், முன்னே தள்ளி அந்தப் பட்டனை அழுத்தினால் ஷோரியுகென். பழையவர்கள் கொதித்தார்கள். நாற்பது வயதில் விரலெலும்பு நோகப் பழகியதை நேற்று வந்த பையன் கட்டைவிரலால் போடுகிறான் என்பது மேலோட்டமான கோபம். அதற்கடியில் நியாயமான ஒன்றும் இருந்தது. குதித்து வருபவனைப் பார்த்தபின் 623ஐ உருட்டிமுடிக்கச் சில ஃப்ரேம்கள் ஆகும், அந்தச் சில ஃப்ரேம்கள் அவ்வளவு வலிமையான அடிக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி. பட்டன் அந்த விலையைத் தள்ளுபடி செய்கிறது.

ஆட்டத்தை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. கிரான்புளூ ஃபேன்டஸி: வெர்சஸ் 2020இல் இதே சலுகையைக் கொடுத்தபோது, சுலபவழியில் போட்டவர் அதே அடியை மறுபடி போட அதிக நேரம் காத்திருக்கவேண்டும் என்று வைத்தார்கள். காப்காம் அடியின் பலத்தில் கைவைத்தது: ஒற்றைப் பட்டனில் வந்தால் 80 சதவீதம் மட்டும். 623இன் விலை 20 சதவீதம் என்று கம்பெனியே சீட்டு ஒட்டிவிட்டது. எனக்கு அது மலிவாகவே படுகிறது, குறிப்பாக எதிராளியின் குதியைப் பார்த்து அடிக்கும் வேளையில்.

மாடர்னில் இருந்துகொண்டே 623ஐ உருட்டினால் முழு பலமும் கிடைக்கும். அதனால் அதில் தேர்ந்தவர்கள் அவசரத்துக்குப் பட்டனையும், காம்போ என்னும் தொடர் அடியின் நடுவே நேரம் இருக்கும்போது உருட்டலையும் வைத்துக்கொண்டு கலந்து ஆடுகிறார்கள். அவர்களுக்காகக் காம்போ எழுதித்தருபவர்கள் ஒவ்வொரு சிறப்பு அடியின் பக்கத்திலும் இது உருட்டியதா, பட்டனா என்று குறிக்கவேண்டியிருக்கிறது. ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.